ஐயமும் ஆராய்ச்சியும்

மாந்தர் பிறரை நம்பியே வாழ்கின்றனர். நோயாளி தன் உடலை மருத்துவரிடம் ஒப்புவிக்கின்றான். வழக்குடையவன் தன் வழக்கை வழக்கறிஞரிடம் ஒப்புவிக்கின்றான். வண்டியுடையவன் தன் வண்டியைப் பட்டறையில் விட்டுவருகின்றான். இம்மூவர்க்கும் பொதுவானதொரு குறை உண்டு. உள்ளே நிகழ்வதை இவர்கள் காண்பதில்லை. தையற்காரர் தைத்த சட்டையைப் புறந்திருப்பித் தையலைப் பார்த்துக்கொள்ளலாம். மோட்டார் வண்டியின் கியர் பெட்டியை அவ்வாறு புறந்திருப்புதல் இயலாது. ஆதலால், பட்டறையினின்றும் திரும்பிய வண்டி சிறிதே முனகினும் உடையவன் உள்ளத்தில் ஐயம் புகுந்துவிடுகிறது.

அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழி யாது? சென்ற டிசம்பர் விடுமுறையில் யாம் நேரிற் கற்ற பாடத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் யாது தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. எம் கல்லூரிச் சம்பளம் அச்சக்கரம் சுழல்வதனாலேயே வருகின்றது.

எம் மாமா திருவள்ளூரில் ஓர் அம்பாசடர் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நால்வரை நாள்தோறும் விடியலில் ஏற்றிச்சென்று மாலையில் திரும்பக் கொணர்வது அவர் தொழில். இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்களாயினும், இருப்புப்பாதை இவற்றை நேரே இணைக்கவில்லை. திருவள்ளூர் அரக்கோணம் செல்லும் மேற்குப் பாதையிலும், கும்மிடிப்பூண்டி கூடூர் செல்லும் வடக்குப் பாதையிலும் உள்ளன. மின்சார ரயிலில் செல்வோர் சென்னைக்குள் பேசின் பாலம் வரை சென்று, மீண்டும் வடக்கே திரும்புதல் வேண்டும். இச்சுற்றைத் தவிர்க்க விரும்புவோர் பெரியபாளையம், கவரப்பேட்டை வழியாகச் சாலையிற் செல்கின்றனர். அச்சாலையே எம் குடும்பத்தின் வயல், அவ்வண்டியே ஏர்.

நவம்பர்த் திங்கள் இறுதியில் வண்டியின் கிளட்ச் தேய்ந்துபோயிற்று. மாமா அதனை ஒரு பட்டறையில் விட்டார். மூன்று நாள் சென்று வண்டி திரும்பியது. பட்டியலில் ரூ. 31,600 எழுதப்பட்டிருந்தது. கிளட்ச் தட்டு, பிரஷர் தட்டு, பேரிங்கு, புரொபெல்லர் ஷாஃப்டின் இரண்டு கிராஸ், கியர் ஆயில் ஆகியவற்றோடு, ‘கிரவுன் பினியன் ஒரு செட்டு ரூ. 11,000’ என்ற வரியும் அதில் இருந்தது. மாமா அதனைக் கேட்கவேயில்லை. கழற்றிய பழைய உறுப்புகளும் திருப்பித் தரப்படவில்லை. அவசரத்தில் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவந்துவிட்டார்.

மறுநாளே துன்பம் தொடங்கியது. கிளட்சை விட்டு வண்டி நகரும்போதெல்லாம் அடியில் ‘டக்’ என்றோர் ஓசை. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இருக்கை முழுதும் நடுக்கம். பயணம் செய்யும் நால்வரும் முகஞ்சுளித்தனர். இன்னும் ஒரு வாரத்தில் சரியாகாவிடின் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக அவருள் ஒருவர் சொல்லியும்விட்டார்.

யாம் விடுமுறைக்கு வீடு சேர்ந்தபோது வீடு நீதிமன்றமாய் இருந்தது. தீர்ப்பும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. “நல்ல கிரவுனைக் கழற்றிக்கொண்டு ஓட்டைக் கிரவுனை மாட்டிவிட்டார்கள்” என்றார் மாமா. அவ்வாறு எண்ணுதற்குக் காரணமும் இல்லாமலில்லை. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசடர் வண்டி செய்வது 2014ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. அதன்பின் நல்ல நிலையிலுள்ள பழைய உறுப்புகளுக்குத் தேவை மிகுந்துவிட்டது. ஆதலால், கழற்றி விற்றிருப்பார்கள் என்ற ஐயம் எளிதில் வேரூன்றியது. திங்கட்கிழமை காலை நான்கு ஆட்களோடு பட்டறைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. “கேட்கிற விதத்தில் கேட்டால் உண்மை வரும்” என்றார் மாமாவின் நண்பர் ஒருவர். கேட்கிற விதம் யாதென்பது அவர் சட்டைக் கையை மடித்த விதத்தில் விளங்கிற்று.

“மாமா, திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் வண்டியையே கேட்டுப் பார்ப்போமே” என்றோம் யாம். உண்மையைச் சொன்னால், எமக்கு வண்டியைப்பற்றி ஒன்றும் தெரியாது. சண்டையைத் தள்ளிப்போடுவதற்கே அவ்வாறு சொன்னோம்.

எம் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருவள்ளூரில் 1971ஆம் ஆண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் ஆலை ஒன்றைத் தொடங்கிற்று. அவ்வாலை 2000ஆம் ஆண்டு கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அங்கே நெடுநாள் வேலைசெய்து ஓய்வுபெற்றவர் அவர். அந்நிறுவனத்தின் கார் ஆலையும் இவ்வூரில் 1998ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் வண்டியைச் செய்யத் தொடங்கியது. பின்னர் அதே ஊரிலே சிட்ரோயன் வண்டிகளும் செய்யப்படலாயின. ஆகவே பல்சக்கரமும் அச்சும் எம் ஊரார்க்குப் புதியன அல்ல, எமக்குத்தான் புதியன.

பெரியவரிடம் சென்று வணங்கிச் செய்தியைக் கூறினோம். முழுவதும் கேட்டபின், “தம்பி, அவர்கள் திருடர்களா என்று நான் சொல்ல முடியாது. வண்டியில் என்ன செய்திருக்கிறார்கள், என்ன செய்யவில்லை என்று சொல்ல முடியும். அது போதுமா?” என்றார். போதும் என்றோம். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் அருமை அப்போது எமக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை, என்ஜின் நன்கு ஆறியபின் வேலை தொடங்கிற்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்தினார். யாம் செங்கல் கொணர்ந்தபோது கடிந்துகொண்டார். செங்கல் சொல்லாமல் உடையும். ஜாக்கி சொல்லாமல் இறங்கும். இரண்டையும் நம்பி வண்டியின் அடியில் தலையைக் கொடுக்கலாகாது என்பது அவர் கற்பித்த முதற்பாடம்.

பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிழுத்து ஆற்றலின் வழியை விளக்கினார். என்ஜினில் பிறக்கும் சுழற்சி முதலிற் கிளட்சுக்கு வருகிறது. கிளட்ச் என்பது வேண்டும்போது சேர்ந்து, வேண்டாதபோது பிரியும் இரு முகங்களின் உறவு. அடுத்தது கியர் பெட்டி. வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுவதும், வலிமையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதும் அதன் தொழில். அதிலிருந்து நீண்ட இரும்புக்குழாயாகிய புரொபெல்லர் ஷாஃப்ட் பின்னோக்கிச் செல்கிறது. பின்னச்சின் நடுவே உருண்டை வீட்டில் பினியன் என்னும் சிறு பல்சக்கரமும் கிரவுன் என்னும் பெரும் பல்சக்கரமும் கூடி, சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்கு அளிக்கின்றன. அங்கேயே டிஃபரன்ஷியல் என்னும் அமைப்பும் உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது புறச்சக்கரம் மிகுதியாகவும் அகச்சக்கரம் குறைவாகவும் சுழல இடங்கொடுப்பது அதுவே. லான்சர் போன்ற வண்டிகளில் ஆற்றல் முன் சக்கரங்களுக்கே செல்வதால் இந்நீண்ட ஷாஃப்ட் இல்லை. அம்பாசடரில் உண்டு, ஆதலால் ஆராயவேண்டிய இடங்களும் மிகுதி.

“முதலில் கண்ணால் பார்; கை பிறகு” என்றார். கிரவுன் இருக்கும் வீட்டைச் சுற்றியுள்ள நட்டுகளை விளக்கொளியிற் காட்டினார். பல ஆண்டுப் புழுதியும் கசிந்த எண்ணெயும் கலந்து, மண்ணோடு மண்ணாய் அவற்றின்மேல் இறுகியிருந்தன. ஒரு நட்டிலேனும் ஸ்பானர் பட்ட தழும்பு இல்லை. மூட்டுவாயில் புதிய கேஸ்கெட்டின் விளிம்பும் இல்லை. இது முதற்சாட்சி. பின்பு ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்து சிறுவிரலை விட்டார். எண்ணெய் துளையின் விளிம்புவரை நின்றது; ஆனால் கறுத்துத் தடித்திருந்தது. கிரவுனை மாற்றியவன் எண்ணெயை வடிக்காமல் மாற்றியிருக்க முடியாது. வடித்தவன் புதிய எண்ணெயை ஊற்றாதிருக்க மாட்டான். இது இரண்டாம் சாட்சி. அவ்வெண்ணெயை வெள்ளைத்தாளிற் பரப்பி, வெயிலிற் சாய்த்துப் பார்த்தார். மைபோன்ற நுண்துகள் சிறிது இருந்தது. அது தேய்மானத்தின் இயல்பு. பல் உடைந்த சில்லு ஒன்றும் இல்லை.

மூன்றாம் சாட்சியை அளித்தவர் மாமாவே. அதனை அவர் அறியார். நாள்தோறும் புறப்படும்போதும் சேரும்போதும் கிலோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். பெரியவர் அந்நோட்டை வாங்கிப் பழுதுபார்ப்பதற்கு முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் ஒப்பிட்டார். தூரங்காட்டும் கருவி கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து கணக்கெடுக்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள பல் விகிதம் மாறியிருந்தால், அதே சாலை கருவியில் நீண்டோ குறுகியோ தோன்றும். நோட்டிலோ இரு பக்கத்துக் கணக்கும் ஒன்றாகவே இருந்தது. விகிதம் ஒத்த வேறொரு கிரவுனை இச்சாட்சி மட்டும் காட்டிக்கொடாது. மூன்றும் சேர்ந்தபோது ஐயத்துக்கு இடமில்லை. கிரவுன் எம்முடையதே. அதனை யாரும் தொடவில்லை.

மாமா பெருமூச்செறிந்தார். மறுகணமே அவர் முகம் சிவந்தது. திருடவில்லை என்பது உண்மை, மாற்றாததற்கு ரூ. 11,000 பெற்றுக்கொண்டதும் உண்மை.

“அவசரம் வேண்டாம். நடுக்கத்துக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை” என்று பெரியவர் ஷாஃப்டின் பக்கம் திரும்பினார். அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவான கிராஸ் என்னும் மூட்டுகள் உள்ளன. அவை புதியனவே, பளபளத்தன, புதிய கிரீசும் இருந்தது. பட்டியலின் அவ்வரி மெய். ஆனால் பின்முனைத் தகட்டிலுள்ள நான்கு நட்டுகளில் ஒன்று விரலாலேயே சுழன்றது, மற்றொன்றும் தளர்ந்திருந்தது. ‘டக்’ என்ற ஓசையின் பிறப்பிடம் அதுவே. அந்நட்டுகள் கழன்று ஷாஃப்ட் சாலையில் விழுந்திருந்தால், விடியலிருளில் ஐந்து உயிர்கள் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமி மட்டும் உள்ளே சென்றுவிட்டார்.

நடுக்கத்தின் காரணம் இதனினும் நுண்ணியது. கிராஸ் மூட்டு சாய்ந்து சுழலும்போது, முன்பகுதி ஒரே சீராய்ச் சுழன்றாலும் பின்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் செல்லும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் ஹூக்கின் பெயரால் இம்மூட்டு வழங்கப்படுகிறது. ஒரு மூட்டு செய்யும் ஏற்றத்தாழ்வை மறுமுனை மூட்டு ஈடுசெய்யவேண்டுமாயின், இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். இதற்காகவே ஷாஃப்டின் வழுக்கு மூட்டில் இரண்டு அம்புக்குறிகள் பொறித்துள்ளனர். கிரீசைத் துடைத்துப் பார்த்தோம். அம்புகள் ஒன்றையொன்று நோக்காமல் விலகி நின்றன. கழற்றியவர் குறி பாராமல் மாட்டிவிட்டார். ஒன்றையொன்று ஈடுசெய்யவேண்டிய மூட்டுகள் நடுக்கத்தைப் பெருக்கின.

எஞ்சியன விரைவில் முடிந்தன. கியர் பெட்டியின் துளையில் விரலை விட்டபோது எண்ணெய் புதியதாய் இருந்தது. ஆனால் அளவிற் குறைந்திருந்தது. வண்டியைத் தரையிறக்கி, கைபிரேக்கை இழுத்து, உயர்ந்த கியரிலிட்டு, கிளட்சை மெல்ல விட்டபோது என்ஜின் உடனே அணைந்தது. கிளட்ச் வழுக்குமாயின் என்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டிருக்கும். ஆகவே கிளட்ச் வேலை நன்று.

அன்றிரவு யாம் ஒரு தாளில் மூன்று பத்திகள் வகுத்தோம்: நன்றாகச் செய்தவை, பிழைபடச் செய்தவை, செய்யாமற் பணம் பெற்றவை. முதற்பத்தியில் கிளட்சும் கிராசும். இரண்டாவதில் தளர்ந்த நட்டு, விலகிய அம்பு, குறைந்த எண்ணெய். மூன்றாவதில் கிரவுன் பினியன் ஒன்றே. சினத்தோடு ‘எல்லாம் மோசம்’ என்று கத்துவதினும் இத்தாள் வலிமையுடையது என்பதை எழுதும்போதே உணர்ந்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குச் செல்வதாயினும், பட்டியலும் இத்தகைய தெளிவுமே துணையாகும்.

திங்கட்கிழமை நான்கு ஆட்கள் செல்லவில்லை; மாமாவும் பெரியவரும் யாமும் மட்டும் சென்றோம். மேஸ்திரி முதலில் மறுத்தார். பெரியவர் குரலை உயர்த்தாமல், “வீட்டைத் திறந்ததாகச் சொல்கிறீர்கள். வாருங்கள், எந்த நட்டைத் திறந்தீர்கள் என்று காட்டுங்கள்” என்றார். மேஸ்திரி குனிந்து பார்த்தார், நெடுநேரம் நிமிரவில்லை. பின்பு கணக்கு எழுதுபவரை அழைத்து ஏதோ கேட்டார். முதலில் ஓசையைக் கேட்டுக் கிரவுனும் போயிருக்கும் என்று மதிப்பு எழுதியதாகவும், பிறகு அது வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவும், மதிப்புத்தாளையே பட்டியலாகப் பெயர்த்தெழுதிவிட்டதாகவும் கூறினார். அது மறதியோ, மறதியின் வேடமோ, யாம் அறியோம். பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார் என்பதை மட்டும் அறிவோம்.

அடுத்தது ஷாஃப்ட். அதனை மாட்டியவன் யார் என்று மேஸ்திரி அதட்டினார். பதினேழு வயதுக்கு மேற்படாத பையன் ஒருவன் ஒதுங்கி நின்றான். வண்டியை மறுநாளே தரவேண்டும் என்ற அவசரத்தில் இரவு அவன் தனியே மாட்டியிருக்கிறான். அம்புக்குறியைப்பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மேஸ்திரி கையை ஓங்கினார். மாமா இடையே சென்று, “விடுங்கள் ஐயா. நானும் இப்படி ஒரு பட்டறையில்தான் தொடங்கினேன்” என்றார். பின்பு பெரியவர் அப்பையனை வண்டியின் அடியில் தம்மோடு படுக்கவைத்து, அம்பைத் தொட்டுக்காட்டி, அவன் கையாலேயே கழற்றி மாட்டுவித்தார். நான்கு நட்டுகளையும் முறுக்கி முடித்ததும் அவன் ஒவ்வொன்றின்மேலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடிட்டான். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். அதுவும் பெரியவர் சொல்லியதே.

நான்கு ஆட்களோடு சென்றிருந்தால் அடி யாருக்கு விழுந்திருக்கும் என்பதை அப்போது எண்ணிப்பார்த்தோம். செய்யாத திருட்டுக்காக, அறியாமற் செய்த பிழையை உடைய அப்பையனே முதலில் அகப்பட்டிருப்பான். கிரவுனோ தன் வீட்டில் அமைதியாக இருந்திருக்கும்.

இன்னுமொன்று எழுதாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. யாம் கேட்டதன்பேரில் மேஸ்திரி பழைய இரும்புக் குவியலிலிருந்து எம் வண்டியின் பழைய கிளட்ச் உறுப்புகளைத் தேடி எடுத்துத் தந்தார். பிரஷர் தட்டின் முகம் வெந்து நீலம் பாரித்திருந்தது. பெரியவர் அதனைப் பார்த்து, பின்பு மாமாவைப் பார்த்து, “தம்பி, ஓட்டும்போது கால் கிளட்ச் பெடல்மேலேயே இருக்குமோ?” என்றார். மாமா பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் இடக்காலை யாம் கவனித்தோம். அது பெடலை விட்டு விலகி ஓரமாய் இருந்தது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்று பெயர். அடுத்த அதிகாரம் ‘தெரிந்துவினையாடல்’. தேர்வுக்காக இவ்விரு பெயர்களையும் வரிசைப்படுத்தி மனனஞ் செய்திருந்தோம். ஆராய்ந்து தெளிதல் முன்னும், வினையில் ஈடுபடுத்தல் பின்னும் வைக்கப்பட்ட முறையின் பொருள் எமக்கு வகுப்பறையில் விளங்கவில்லை. வண்டியின் அடியில் விளங்கிற்று. ஆராயாமல் நம்பியது மாமாவின் முதற்பிழை. ஆராயாமல் ஐயுற்றது எங்கள் எல்லோருடைய இரண்டாம் பிழை. இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்களே.

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியைப் பட்டறையில் விடுமுன் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யவேண்டியவற்றை எழுதி வாங்குங்கள். இடையிற் புதிதாக ஒன்று சேர்ப்பதாயின் கேட்டே சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பிக் கேளுங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் வண்டியில் ஓரிடம் உண்டு. அவ்விடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி அதனை மகிழ்ந்து காட்டுவான். அதன்பின்னும் பிழை கண்டால், கையை மடிக்குமுன் ஒரு தாளை மடித்து மூன்று பத்தி வகுத்துப் பாருங்கள்.

வண்டி இப்போது நடுக்கமின்றி ஓடுகிறது. பயணம் செய்யும் நால்வரும் அவ்வண்டியிலேயே செல்கின்றனர். இப்பருவத்துக்கான எம் சம்பளமும் உரிய நாளிற் கட்டப்பட்டுவிட்டது.